மூளை, அறிவு, புத்தி: ஆங்கிலச் சொற்களைத் தடுமாறாமல் பேச ஒரு முழுமையான வழிகாட்டி

குன்னூரில் ஓர் உணவகம். பக்கத்து மேசையில் வெளிநாட்டுத் தம்பதி ஒன்று மெனு அட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தது. மட்டன் மூளை வறுவல் அன்று தீர்ந்துபோயிருந்தது. அதைச் சொல்ல வந்த பையன் பணிவாகக் குனிந்து, "சாரி சார், நோ பிரெய்ன் டுடே" என்றான். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று பையனுக்குப் புரியவில்லை. தானும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போனான். மறுவாரம் எங்கள் மாலை வகுப்பில் வந்து உட்கார்ந்தான்.

அந்த வகுப்புக்கு டாக்சி ஓட்டுபவர்கள், ஹோம்ஸ்டே பார்த்துக்கொள்பவர்கள், டீ ஃபேக்டரி ஆபீசில் இருப்பவர்கள், நர்சிங் படிக்கும் பிள்ளைகள் எல்லாம் வருகிறார்கள். மூளை, அறிவு பற்றிய ஆங்கிலச் சொற்களில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் வழுக்குகிறார்கள். அந்த வரிசையிலேயே படிகளை வைத்திருக்கிறேன். ரீல்ஸில் கேட்ட மரபுத்தொடரில் ஆரம்பித்தவர்கள் எல்லாரும் பின்னால் முதல் படிக்குத் திரும்பி வந்தார்கள். அதனால் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

1. தொடங்கும் முன் எடுத்து வைப்பவை

ஒரு கோடு போட்ட நோட்டு. ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் மடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நீங்கள் சொன்ன வாக்கியம், வலப்பக்கம் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம். தனிச் சொல்லை எழுதாதீர்கள், வாக்கியமாகவே எழுதுங்கள். இந்தச் சொற்கள் தனியாக நின்றால் ஒரு பொருளும் பக்கத்துச் சொல்லோடு சேர்ந்தால் வேறு பொருளும் தருபவை.

அகராதி ஆப் ஒன்று தேவை. சொல்லுக்குத் தமிழ் அர்த்தம் மட்டும் காட்டுவது போதாது. ஆங்கிலத்திலேயே இரண்டு மூன்று எடுத்துக்காட்டு வாக்கியம் கொடுப்பதாகப் பாருங்கள். 'அறிவுள்ள' என்ற ஒரே அர்த்தத்தை ஆறு சொல்லுக்குப் போட்டுவைத்திருக்கும் ஆப்பால் பயனில்லை.

அப்புறம், கூடப் பேச ஓர் ஆள். தனியாகப் படித்தால் சொல் ஞாபகம் இருக்கும், வாயில் வராது.

2. பிரெய்னையும் மைண்டையும் முதலில் பிரியுங்கள்

தமிழில் மூளை, மனசு, புத்தி, அறிவு என்று நான்கு இருக்கின்றன. ஆங்கிலத்தின் 'மைண்ட்' பாதி மனசின் மேலும் பாதி புத்தியின் மேலும் உட்கார்ந்திருக்கிறது. குழப்பம் அத்தனைக்கும் வேர் இதுதான். அதனால் முதல் படியாக வைத்திருக்கிறேன்.

ஒரு சுலபமான சோதனை: ஸ்கேன் எடுத்தால் தெரியுமா? தெரிந்தால் 'பிரெய்ன்'. தெரியாவிட்டால் பெரும்பாலும் 'மைண்ட்'.

குன்னூரில் 1907 முதல் இயங்கும் பாஸ்டியர் நிலையத்தை இங்கே எல்லாருக்கும் தெரியும். நாய்க்கடி, வெறிநோய் என்றாலே அந்த நினைப்புதான் வரும். நர்சிங் படிக்கும் ஒரு பெண் வெறிநோய் பற்றிக் குறிப்பு எழுதும்போது, கிருமி 'மைண்டை'த் தாக்குகிறது என்று எழுதியிருந்தாள். நரம்பு வழியாக ஏறிப்போய் அது தாக்குவது 'பிரெய்ன்'. 'மைண்ட்' என்று போட்டால் நோயாளிக்கு மனக்குழப்பம் என்று படிக்கிறவர் நினைத்துக்கொள்வார். அவளிடம் ஸ்கேன் கேள்வியைக் கேட்டேன். உடனே அவளே திருத்திவிட்டாள்.

இனி மனசு. நம் மனசு வருத்தப்படும், முடிவெடுக்கும், பாடத்தையும் வைத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் இந்த மூன்று வேலைக்கும் மூன்று ஆள்.

முடிவு என்றால் 'மைண்ட்'. மனசை மாற்றிக்கொண்டேன் என்பதற்கு "ஐ சேஞ்ச்ட் மை மைண்ட்". ஒரு முடிவுக்கு வா என்பதற்கு "மேக் அப் யுவர் மைண்ட்".

வருத்தம் என்றால் 'மைண்ட்' வேண்டாம். "மை மைண்ட் இஸ் நாட் குட்" என்று சொன்னால் புத்தி சரியில்லை என்பதுபோல் கேட்கும். "ஐ ஃபீல் லோ" அல்லது "ஐ ஆம் அப்செட்" போதும்.

மனப்பாடம் என்றால் 'ஹார்ட்'. "லேர்ன் இட் பை ஹார்ட்". தமிழில் மனசுக்குள் போகிற பாடம் ஆங்கிலத்தில் நெஞ்சுக்குள் போய்விடுகிறது. ஏன் என்று கேட்டால் எனக்குத் தலை சுற்றும். அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

3. 'பிரெய்ன்' கடைசியில் ஓர் 'எஸ்'

ஒரு தலைக்கு ஒரு 'பிரெய்ன்'. ஆனால் 'பிரெய்ன்ஸ்' என்று பன்மையில் சொன்னால் அது புத்திசாலித்தனம். "ஷி ஹேஸ் பிரெய்ன்ஸ்" என்றால் அவள் அறிவாளி. ஒரு திட்டத்தை யோசித்து நடத்தியவர் ஒரே ஆளாக இருந்தாலும் "ஹி இஸ் த பிரெய்ன்ஸ் பிஹைண்ட் இட்" என்றுதான் வரும்.

இங்கே வரும் பிழை இரண்டு. ஒன்று, "ஹி இஸ் ஹேவிங் குட் பிரெய்ன்". இருக்கிறது என்பதை நாம் 'இருந்துகொண்டிருக்கிறது' என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். உடைமையைச் சொல்லும்போது 'ஹேஸ்' மட்டும் போதும்: "ஹி ஹேஸ் எ குட் பிரெய்ன்". இரண்டாவது, "யூஸ் யுவர் பிரெய்ன்". மூளையைக் கொஞ்சம் பயன்படுத்து என்று நாம் விளையாட்டாகச் சொல்வோம். ஆங்கிலத்தில் அது திட்டு. விருந்தாளியிடமோ மேலதிகாரியிடமோ வாயெடுக்கக் கூடாது.

உணவகத்துப் பையனுக்குத் தீர்வு இதுவே. "நோ பிரெய்ன்" என்று மொட்டையாகச் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு மூளை இல்லை என்பதுபோலவும் எடுக்கலாம், தனக்கு இல்லை என்பதுபோலவும் எடுக்கலாம். உணவின் முழுப் பெயரைச் சொன்னால் சிரிப்புக்கு இடமில்லை: "சாரி சார், த மட்டன் பிரெய்ன் ஃப்ரை இஸ் சோல்ட் அவுட்".

4. 'மைண்ட்' வினைச்சொல்லாகும்போது ஆமாம், இல்லை இரண்டும் இடம் மாறும்

இந்தப் படிக்கு மட்டும் ஒரு வாரம் ஒதுக்குங்கள். எங்கள் வகுப்பில் அதிகம் பேர் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறிய ஒரு மாணவருக்கு எதிரில் வெளிநாட்டுப் பெண்மணி. அவர் ஜன்னலில் கையை வைத்து, "டு யூ மைண்ட் இஃப் ஐ ஓபன் த விண்டோ?" என்று கேட்டார். திறக்கட்டுமா என்று கேட்கிறார் என்று நம் ஆளுக்கு நன்றாகவே புரிந்தது. முகமெல்லாம் மலர, "யெஸ், யெஸ்!" என்றார். அந்த அம்மா சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். குன்னூர் வரை ஜன்னல் திறக்கவில்லை. வெளியே அருவி, உள்ளே புழுக்கம்.

'டு யூ மைண்ட்' என்றால் 'உங்களுக்கு ஆட்சேபணை உண்டா' என்று பொருள். 'யெஸ்' என்றால் ஆட்சேபணை உண்டு, திறக்காதே. 'நோ' என்றால் ஆட்சேபணை இல்லை, திற. அதனால் சம்மதத்துக்குச் சொல்ல வேண்டியது "நோ, நாட் அட் ஆல்". பின்னாலேயே "கோ அஹெட்" சேர்த்துவிட்டால் சந்தேகமே வராது. ஆங்கிலேயர்களே சில நேரம் "ஷ்யூர்" என்பார்கள், குரலை வைத்துப் புரிந்துகொள்வார்கள். புதிதாகப் பழகுகிறவர் அந்த வழியில் போக வேண்டாம்.

"வுட் யூ மைண்ட் வெயிட்டிங்?" என்பதும் இதே கணக்கு. கேள்விபோல் இருந்தாலும் அது வேண்டுகோள். ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்குத் தங்கமான வாக்கியம் இது. 'வெயிட் பண்ணுங்க' என்பதன் மரியாதையான வடிவம்.

இதே சொல் எச்சரிக்கைக்கும் வரும். பழைய பங்களாக்களில் வாசல் நிலை தாழ்வாக இருக்கும். "மைண்ட் யுவர் ஹெட்" என்றால் தலை இடிக்கும், பார்த்து வாருங்கள். ஈரப் படிக்கட்டில் "மைண்ட் யுவர் ஸ்டெப்". ஆனால் "மைண்ட் யுவர் டங்" என்றால் வாயை அடக்கு. ஒரே அச்சில் வார்த்த வாக்கியம், ஆனால் சண்டைக்கு இழுக்கும்.

இனி, தமிழ்நாட்டில் நாமே உருவாக்கிக்கொண்ட 'மைண்ட்'கள். இவை நமக்கு ஆங்கிலம் மாதிரியே தெரியும், ஆங்கிலத்தில் செல்லாது.

'அவன் என்னை மைண்ட் பண்ணவே இல்ல' என்கிறோம், கண்டுகொள்ளவில்லை என்ற பொருளில். அதை அப்படியே "ஹி டிட் நாட் மைண்ட் மீ" என்று சொன்னால், நான் இருந்ததில் அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்றாகிவிடும். புகார் சொல்லப் போய் நற்சான்றிதழ் கொடுத்துவிட்டு வருவோம். சரியானது "ஹி இக்னோர்ட் மீ".

'மைண்ட் வாய்ஸ்' நம் ஊர்ச் சரக்கு. மனசுக்குள் நினைத்ததைச் சத்தமாகச் சொல்லிவிட்டால் "சாரி, ஐ வாஸ் திங்கிங் அலவுட்" என்று சொல்லுங்கள்.

'மைண்ட்ல வெச்சுக்கறேன்' மட்டும் தப்பித்தது. "ஐ வில் கீப் இட் இன் மைண்ட்" நல்ல ஆங்கிலமே.

5. பாராட்டும் சொற்கள்: எதை யாரிடம்

'அறிவாளி' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் வயது, உறவு, என்ன வகை அறிவு என்று பார்த்துச் சொல் எடுக்க வேண்டும். நல்ல வேளையாக, இந்தச் சொற்களில் பாதி மலையில் இருப்பவர்களின் வாயில் ஏற்கெனவே வேறு வேலைக்காகப் புழங்குகின்றன.

டீ ஃபேக்டரியில் வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் 'பிரைட்' என்றால் என்ன என்று கேட்டேன். மனுஷனைப் பற்றி அவளுக்குத் தெரியவில்லை, டீயைப் பற்றித் தெரிந்திருந்தது. "டேஸ்டிங்ல லிக்கர் பளிச்னு இருந்தா பிரைட், மங்கலா இருந்தா டல்" என்றாள். (லிக்கர் என்றால் இங்கே தேயிலையை ஊறவைத்து வடித்த சாறு.) அவள் முன்னால் இருந்த கண்ணாடி டம்ளரைத் தூக்கி ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். செம்பு நிறத்தில் வெளிச்சம் ஊடுருவியது. மாணவர்களுக்கும் அப்படியே. "எ பிரைட் ஸ்டூடன்ட்", "எ டல் ஸ்டூடன்ட்". டிரைவர் அண்ணன் ஒருவர் தன் பங்குக்கு, "அப்ப ஹெட்லைட் டிம்-பிரைட் மாதிரி" என்றார். ஆமாம், 'டிம்' என்றாலும் மந்தபுத்தி என்று பொருள் உண்டு. அன்று நான் பாடமே நடத்தவில்லை. வர்க்கி சாப்பிட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் 'பிரைட்' பெரியவர் சிறியவரைப் பார்த்துச் சொல்லும் சொல். மேனேஜரிடம் "யூ ஆர் வெரி பிரைட், சார்" என்றால் முதுகில் தட்டிக்கொடுத்த மாதிரி இருக்கும்.

'ஷார்ப்' என்பதற்குக் கவாத்துக் கத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டென்று பிடித்துக்கொள்ளும் மூளை. வயதானவர்களைப் பாராட்ட அருமையான சொல்: "மை கிராண்ட்மதர் இஸ் 85 அண்ட் ஸ்டில் வெரி ஷார்ப்". கத்தி என்றால் வெட்டவும் செய்யும். "ஷார்ப் டங்" என்றால் சுடுசொல் பேசுபவர்.

'ஸ்மார்ட்' மூன்று ஊரில் மூன்று. நமக்கு அது அழகு: பையன் ஸ்மார்ட்டா இருக்கான். பிரிட்டனில் நேர்த்தியான உடை. வெலிங்டன் பக்கம் பட்டாளத்து வீடுகளில் 'ஸ்மார்ட் டர்ன்அவுட்' என்று கேட்டிருப்பீர்கள், அது இதுதான். அமெரிக்காவில் புத்திசாலி. அமெரிக்க விருந்தாளி உங்கள் மகளை "ஷி இஸ் ஸோ ஸ்மார்ட்" என்றால் அழகைச் சொல்லவில்லை, அறிவைச் சொல்கிறார்.

'இன்டெலிஜென்ட்' எங்கும் செல்லும், கொஞ்சம் விறைப்பானது. விண்ணப்பக் கடிதத்துக்கு நல்லது. 'கிளெவர்' யோசனைக்கும் கருவிக்கும் நாய்க்குட்டிக்கும்கூட வரும்: "எ கிளெவர் ஐடியா". 'வைஸ்' அனுபவத்தால் வந்த விவேகம். பத்து வயதுப் பையனுக்கு அதைப் போட்டால் கிழவனாக்கியதுபோல் இருக்கும்.

'பிரில்லியன்ட்' பற்றி ஓர் எச்சரிக்கை. பிரிட்டிஷ்காரரிடம் "சுடுதண்ணீர் வந்துவிட்டது" என்று நீங்கள் சொல்ல, அவர் "பிரில்லியன்ட்!" என்றால் உங்களை மேதை என்று சொல்லவில்லை. 'ரொம்ப நல்லது' என்கிறார், அவ்வளவுதான். ஒரு ஹோம்ஸ்டே அம்மா இதை நம்பி இரண்டு நாள் பூரித்துப்போயிருந்தார். சொல்லிக்கொடுத்தது நான், அவர் முகம் வாடியது இன்னும் நினைவிருக்கிறது.

எல்லாருக்கும் பொதுவான பிழை ஒன்று: கணக்கில் கெட்டி என்பதை "பிரில்லியன்ட் இன் மேத்ஸ்" என்று எழுதுவது. திறமையைச் சொல்லும்போது 'அட்' பழகுங்கள்: "குட் அட் மேத்ஸ்", "பிரில்லியன்ட் அட் செஸ்".

6. காதில் ஒன்றுபோல் விழும் சொற்கள்

'சென்சிபிள்' விவரமானவர். 'சென்சிடிவ்' சட்டென்று மனம் நோகிறவர். வேலைக்கான நேர்காணலில் "ஐ ஆம் எ வெரி சென்சிடிவ் பர்சன்" என்று ஒரு பையன் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தான். திட்டினால் அழுதுவிடுவேன் என்று சொன்ன கணக்கு. நினைவில் வைக்க: 'காமன் சென்ஸ்' உள்ளவர் 'சென்சிபிள்'.

'விட்' என்றால் கூர்மதி. 'விட்டி' என்றால் நகைச்சுவையாகப் பேசுபவர். சிரிப்பே வராமல் விட்டி இல்லை.

'இன்டெலிஜென்ஸ்' இரண்டு வேலை பார்க்கிறது. அறிவும் அதுதான், உளவும் அதுதான். வள்ளுவர் அறிவுடைமையை 43ஆம் அதிகாரத்திலும் ஒற்றாடலை 59ஆம் அதிகாரத்திலும் தனித்தனியாக வைத்தார். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டது. செய்தியில் 'இன்டெலிஜென்ஸ் ரிப்போர்ட்' என்று வந்தால் அது மாணவனின் மதிப்பெண் பட்டியல் இல்லை, உளவுத்துறைத் தகவல்.

'ஐக்யூ' ஓர் அளவு. "ஹி இஸ் ஹை ஐக்யூ" என்று சொல்லக் கூடாது, "ஹி ஹேஸ் எ ஹை ஐக்யூ". ரத்த அழுத்தம் மாதிரி அது ஒருவரிடம் இருப்பது.

7. பாராட்டுபோல் இருந்து குத்தும் சொற்கள்

'கன்னிங்' நமக்கும் தெரிந்ததே, நரித்தனம். 'ஷ்ரூட்' அப்படி இல்லை. வியாபாரத்தில் ஏமாறாதவரை மதிப்போடு சொல்வது. தேயிலை விலை ஏறும் நேரம் பார்த்து விற்பவர் 'ஷ்ரூட்'.

'டூ' சேர்ந்தால் சுவை மாறும். "யூ ஆர் டூ கிளெவர்" என்பதை 'ரொம்பப் புத்திசாலி' என்ற எண்ணத்தில் நம்மவர்கள் சொல்கிறார்கள். 'டூ' என்றால் அளவுக்கு மீறி. 'வெரி' போடுங்கள். "டோன்ட் கெட் ஸ்மார்ட் வித் மீ" என்று யாராவது சொன்னால் அது அழகும் இல்லை, அறிவும் இல்லை. என்னிடம் வாலாட்டாதே என்கிறார்கள்.

8. திட்டும் சொற்கள்: புரிந்துகொள்ள மட்டும்

இவற்றைப் பேசிப் பழக வேண்டாம், கேட்டால் எடை தெரிந்தால் போதும். 'சில்லி' மிகவும் லேசு. "டோன்ட் பி சில்லி" என்பது பல நேரம் 'அட, போங்க' என்ற செல்லம். விருந்தாளிக்கு டீ கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றால் அவர் இப்படிச் சொல்லலாம், கோபப்படாதீர்கள். 'ஃபூலிஷ்' அதைவிடக் கனம். 'ஸ்டுபிட்', 'இடியட்' இரண்டும் முகத்தில் அறைவது. சினிமாவில் கேட்டுப் பழகிய நமக்கு அந்தச் சூடு தெரிவதில்லை.

நர்சிங் பிள்ளைகளிடம் நான் கண்டிப்பாக இருப்பது 'மெண்டல்' விஷயத்தில். 'மெண்டல் ஹெல்த்', 'மெண்டல் அரித்மெடிக்' எல்லாம் சரி, பின்னால் ஒரு சொல் வர வேண்டும். மனிதரைப் பார்த்து 'மெண்டல்' என்று தனியாகச் சொன்னால் வசவு. அதேபோல் 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 'மெண்டல் ரிடார்டேஷன்' என்று இருந்தது. 2016 சட்டத்தில் அது 'இன்டெலெக்சுவல் டிஸபிலிட்டி' ஆகிவிட்டது. பழைய பாடப் புத்தகத்தில் பழைய சொல் இருந்தாலும் நோயாளியின் தாயிடம் அதைச் சொல்லாதீர்கள்.

9. மரபுத்தொடர்கள், கடைசியாக

இப்போது எடுக்கலாம். முந்தைய படிகள் இல்லாமல் வந்தால் சொல்லைப் பிய்த்துப் பொருள் பார்ப்பீர்கள். 'நோ-பிரெய்னர்' என்றால் மூளை இல்லாதவன் என்று வகுப்பில் பத்துக்கு ஒன்பது பேர் சொன்னார்கள். அது ஆளைக் குறிப்பதே இல்லை. யோசிக்கவே தேவையில்லாத முடிவு என்று பொருள். மே மாதம் பூக்கண்காட்சி நாளில் ஊட்டிக்குக் காரில் போவதா, விடிவதற்குள் கிளம்பும் பஸ்ஸில் போவதா? பஸ்தான், நோ-பிரெய்னர்.

"கேன் ஐ பிக் யுவர் பிரெய்ன்?" என்றால் உங்களுக்குத் தெரிந்ததைக் கேட்டுக்கொள்ளலாமா என்று. சுற்றுலா வழிகாட்டிகளிடம் அடிக்கடி கேட்பார்கள். "ஐ ராக்ட் மை பிரெய்ன்ஸ்" என்றால் மூளையைக் கசக்கினேன். இது நம்மோடு ஒத்துப்போகிறது, ஆனால் 'எஸ்' மறக்கக் கூடாது.

'பிரெய்ன் ஃபாக்' கோத்தகிரிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். பத்தடி முன்னால் போகிற ஜீப்பின் சிவப்பு விளக்கு மட்டும் மங்கலாகத் தெரியும், சாலை தெரியாது. தலைக்குள் அப்படி இருப்பது. காய்ச்சல் விட்ட பிறகோ தூக்கம் கெட்டாலோ சொல்வது.

'பிரெய்ன் ராட்' ஆக்ஸ்போர்டு 2024இன் ஆண்டுச் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. மணிக்கணக்கில் மட்டமான வீடியோ பார்த்து மழுங்கிப்போவது. இது நோயின் பெயர் இல்லை. மருத்துவமனைக் குறிப்பில் எழுதிவிடாதீர்கள்.

ஒரு வாரத்துக்கு இரண்டு மரபுத்தொடருக்கு மேல் வேண்டாம். பேச்சில் இரண்டு வந்தால் இயல்பு, ஐந்து வந்தால் மனப்பாடம் செய்தது தெரிந்துவிடும்.

10. பழகும் விதம்

நாளுக்கு இருபது நிமிடம். முதல் பத்தில் அன்றைய படியிலிருந்து மூன்று வாக்கியம், உங்கள் வேலை சம்பந்தப்பட்டதாக, வாய்விட்டு. டிரைவர் என்றால் காரில் நடப்பதாக, நர்ஸ் என்றால் வார்டில் நடப்பதாக. அடுத்த பத்தில் கூட்டாளி கேட்க, நீங்கள் பதில் சொல்ல வேண்டும். 'டு யூ மைண்ட்' கேள்விகளைத் தினமும் இடையில் எதிர்பாராமல் நுழைக்கச் சொல்லுங்கள். யோசித்தால் சரியாக வரும், யோசிக்காமல் வர வேண்டும்.

போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். உங்கள் 'யெஸ்' எங்கே தவறாக வந்தது என்று மற்றவர் சொன்னால் ரோஷம் வரும், போன் சொன்னால் வராது.

வேலை நேரத்தில் சந்தேகம் வந்தால் விருந்தாளியிடமே "டிட் ஐ சே தட் ரைட்?" என்று கேட்டுவிடுங்கள். இதுவரை யாரும் முகம் சுளித்ததாக எங்கள் வகுப்பில் ஒருவரும் வந்து சொன்னதில்லை. அவர் திருத்திச் சொல்வதை அன்றிரவே நோட்டின் வலப்பக்கத்தில் எழுதுங்கள். உணவகத்துப் பையனின் நோட்டில் முதல் பக்கம், முதல் வரி, "நோ பிரெய்ன் டுடே". அதை அடிக்காமல் வைத்திருக்கிறான்.